இடப்பக்கம் பார்க்கும் மிருகங்கள்

மொபைல் ரிப்பேர் கடையை ஒட்டி ஏறிய இரும்புப் படிக்கட்டில் அவள் பாதிவரை போனாள், திரும்பி இறங்கினாள், மறுபடி ஏறினாள். கீழே கடைக்குள் யாரோ சிரித்தார்கள். தன்னைப் பார்த்துத்தானோ என்று ஒரு கணம் உடம்பு விறைத்தது. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அதற்குள் ஒரு மெமரி கார்டும், அன்று சாயங்கால பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட்டும் இருந்தன.

மாடி அறையில் இருந்த பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. தீப்பிடித்த கடைகளையும் நொறுங்கிய வண்டிகளையும் போய்ப் பார்த்து, நடந்தது விபத்தா நாடகமா என்று சொல்ல வேண்டும். வேலையை விட்டு, சொந்தமாகத் துப்பறியத் தொடங்கிய பிறகும் ஊர் அவரை 'க்ளெய்ம் மேடம்' என்றே கூப்பிட்டது. மேசைக்கு முன்னால் மூன்று நாற்காலிகள் கிடந்தன. அவள் சுவரோரம் கிடந்ததைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தாள்.

"தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேணாம் மேடம். எங்க வீட்டுப் பின்பக்கம்..." ஜன்னலை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "மிருகங்க எல்லாம் ஒரே பக்கமா பாக்குதுங்க."

சொல்லி முடிப்பதற்குள் இரும்புப் படிகள் தடதடத்தன. அவள் பாதி எழுந்துவிட்டாள். கையில் ஸ்க்ரூ டிரைவரோடு ஒருவன் உள்ளே வந்தான்.

"அண்ணி, மிருகம்னு காதுல விழுந்துச்சே!"

"கீழ உட்கார்ந்திருந்தவனுக்கா?"

"ஜன்னல் திறந்திருக்குல்ல."

"பயப்படாதீங்கம்மா. என் புருஷனோட தம்பி. கீழ இருக்கிற கடை இவரோடதுதான். கடையில இருக்கிற நேரத்தைவிட என் தலைமேல இருக்கிற நேரம்தான் ஜாஸ்தி."

கொழுந்தன் கொஞ்சமும் வெட்கப்படாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

அவள் சொன்னாள். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் உள்ளறையில் லென்ஸ் அறுப்பது அவள் வேலை. ஊர் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் வாடகை வீடு. முன்பகுதியில் வீட்டுக்காரர், பின்பகுதியில் அவளும் நாலாவது படிக்கும் மகள் குட்டியும். மகளின் பள்ளியில் இயற்கை மன்றம் ஒன்று உண்டு. பிள்ளைகள் காட்டுக் கேமராவை இரவல் வாங்கிப் போகலாம். மரத்தில் கட்டிவிட்டால் போதும். எதிரே சூடுள்ள உயிர் எது அசைந்தாலும், இருட்டிலும்கூட, தானாகப் படம் எடுக்கும். குட்டி இரவல் வாங்கி வந்த முதல் நாளே அதில் ஒரு முள்ளம்பன்றி விழுந்தது. கேட்டதற்கு மட்டும் தலையாட்டிக்கொண்டிருந்த பெண் அன்று முழுக்க வாய் மூடவில்லை. அந்தச் சந்தோஷத்துக்காகவே அவள் புதிதாக ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தாள்.

குட்டி ஏன் பேசாமல் இருந்தாள் என்பதை அவள் சொல்லவில்லை. அப்பாவை விட்டு ஓடிவந்த இரவிலிருந்துதான் குழந்தையின் பேச்சு நின்றுபோனது. அதற்கப்புறம் வீடு மாறி மாறி, ஊர் மாறி மாறி, இந்த இடத்தில்தான் மூச்சு விட முடிந்திருந்தது. இன்று சாயங்காலம் இதையும் விட்டுப் போவதா வேண்டாமா என்பதுதான் அவள் மனதில் இருந்த கேள்வி.

கொழுந்தன் கார்டை லேப்டாப்பில் செருகினான். கறுப்பு வெள்ளையில் படங்கள் வந்தன. நடுவில் தரையில் புதைத்த தண்ணீர்ச் சட்டி. வலப்பக்கம் வீடு, இடப்பக்கம் காட்டு வேலி. முதல் படங்களில் எந்த வினோதமும் இல்லை. மான் குனிந்து குடிக்கிறது, மரநாய் சட்டியின் விளிம்பில் ஏறி நிற்கிறது. பிறகு, பத்துப் பன்னிரண்டு நாளாக, எல்லாம் மாறியிருந்தது. மான் தலையைத் தூக்கி இடப்பக்கம் பார்க்கிறது. மரநாய் இடப்பக்கம் பார்க்கிறது. முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு, அதே பக்கத்தைத்தான் பார்க்கிறது. எதுவும் ஓடவில்லை. படத்துக்கு வெளியே, அதே இடத்தில், எதுவோ ஒன்று தினமும் இருந்தது.

"யம்மா!" என்றான் கொழுந்தன். கையில் மயிர் நிற்பதை அண்ணியிடம் காட்டினான்.

மேடம் முள்ளம்பன்றிப் படத்தைப் பெரிதாக்கினார். "இதுக்கு ரெண்டு நிழல் இருக்கு, பாரு தம்பி. ஒண்ணு பின்னாடி விழுது. அது இவங்க கேமராவோட வெளிச்சம். இன்னொண்ணு வலப்பக்கம் நீளமா விழுது. அதுக்கு இடப்பக்கம் ஒரு விளக்கு வேணும்." பிறகு அவளிடம் திரும்பினார். "முன்னெல்லாம் உங்க கேமராவை மிருகங்க முறைக்குமா?"

"இல்ல மேடம்."

"முறைக்காது அண்ணி, இது புது ரகம். வெளிச்சம் போடுறதே தெரியாது. பழைய ரகத்துலதான் அணையப்போற சிகரெட் மாதிரி லேசா சிவப்பு தெரியும்."

"ம். வேற படம் இருக்கா?"

"மிச்சதெல்லாம் வேஸ்ட் மேடம். காலையில கார்டு எடுக்கப் போறப்ப குட்டியோட கால் விழும். அவதான் தினமும் எடுப்பா, என் போன்ல போட்டுக் காட்டுவா."

மேடம் அந்த வேஸ்ட் படங்களைத்தான் வெகுநேரம் பார்த்தார். பள்ளிச் சீருடை, சேறு ஒட்டிய ஷூ. பழைய படங்களில் கால்கள் வலப்பக்கத்திலிருந்து வந்தன. சமீபத்தியவற்றில் இடப்பக்கத்திலிருந்து.

"குட்டி இதைப் பாத்து பயந்தாளா?"

"அதுதான் ஆச்சரியம். கதவு சாத்துற சத்தத்துக்கே நடுங்குறவ. 'அதுங்க சும்மா பாக்குதும்மா'ன்னு சொல்லிட்டுச் சாப்பிடுறா."

"இங்க ஒரு நம்பர் விட்டுப்போயிருக்கு," என்றார் மேடம். "கேமரா வரிசையா நம்பர் போடும். மரநாய் படத்துக்கும் மான் படத்துக்கும் நடுவுல ஒண்ணைக் காணோம். யாரோ அழிச்சிருக்காங்க. மிருகங்க திரும்பிப் பாக்க ஆரம்பிச்சதும் அதுக்கு மறுநாள்லேர்ந்துதான்."

அவள் நாற்காலி நுனிக்கு வந்தாள். "நான் எதையும் அழிக்கலையே!"

"உங்களுக்கு எத்தனை மணிக்கு பஸ்?"

அவள் திகைத்துப்போனாள். பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"பையைத் திறந்து கார்டை எடுத்தப்ப டிக்கெட் தெரிஞ்சுது. சாயங்காலத்துக்குள்ள பாத்துடலாம், கிளம்புங்க."

*

அவள் வீட்டு கேட்டருகே வீட்டுக்காரர் நின்றிருந்தார். பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் எவரைப் பார்த்தாலும் டிக்கெட் இல்லாதவரைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்.

"யாரு இவங்க? ஆள் சேத்துக்கிட்டு வரீங்க?"

"தெரிஞ்சவங்க சார். மிருகங்களைப் பாக்க வந்தாங்க."

"அதானே பாத்தேன்! தண்ணி வைக்காதீங்க, வைக்காதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். காட்டுல இருக்கிறதையெல்லாம் கூப்பிட்டு உபசாரம். அந்த நொண்டி முள்ளம்பன்றி என் செடியையெல்லாம் பறிச்சுப் போட்டுட்டுப் போகுது."

"ராத்திரியில பின்பக்கம் போவீங்களா சார்?" என்றார் மேடம்.

"பாம்பு நடமாடுற இடம். எனக்கென்ன பைத்தியமா?"

உள்ளே நடக்கும்போது கொழுந்தன் கிசுகிசுத்தான். "அண்ணி, இவர் முழியே சரியில்ல."

"உன் முழியும்தான் சரியில்ல. முழியை வச்சு முடிவு பண்ணினா முதல்ல உன்னைத்தான் பிடிச்சுக் கொடுக்கணும்."

பின்முற்றத்தில் பகலிலும் ஈரமும் நிழலும் அடைந்து கிடந்தன. அவள் கதவருகிலேயே நின்றாள். அந்தச் சட்டிப் பக்கம் கால் வைத்தே பல நாளாகியிருந்தது. மேடம் தண்ணீர்ச் சட்டியருகே போய், கொழுந்தனைப் பார்த்தார்.

"தம்பி, முள்ளம்பன்றி ஆகு."

"அண்ணி, நல்ல பேன்ட்!"

"துவைச்சா போயிடும்."

அவன் கையையும் முழங்காலையும் ஊன்றிச் சட்டியருகே குனிந்து, படத்தில் இருந்தது போலத் தலையை இடப்பக்கம் திருப்பினான். சிரித்துக்கொண்டுதான் திருப்பினான். சிரிப்பு அப்படியே நின்றது.

"அண்ணி. அங்க கண்ணு மாதிரி ஒண்ணு இருக்கு."

வேலியோரம் பட்டுப்போன மரம். அதன்மேல் படர்ந்த கொடியை மேடம் விலக்கினார். அடிமரத்தில், அவள் இடுப்பு உயரத்தில், இன்னொரு காட்டுக் கேமரா கட்டியிருந்தது. பழைய ரகம்; இருட்டில் மிருகங்கள் திரும்பிப் பார்த்தது இதன் சிவப்பைத்தான். கேமராவின் அடிப்பக்கம் ஒரு குச்சியைச் செருகி, கண் மேல்நோக்கிப் பார்க்கும்படி நிமிர்த்தியிருந்தார்கள். அது பார்த்தது காட்டையல்ல, சட்டியையும் அல்ல. நேராக அவள் வீட்டுப் பின்கதவைப் பார்த்தது.

அவள் ஒரு அடி பின்வாங்கினாள். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். துணி உலர்த்தும்போது, பாத்திரம் கழுவும்போது, குட்டிக்குத் தலை பின்னும்போது, எத்தனை நாளாக இந்தக் கண் பார்த்துக்கொண்டிருந்தது?

"முதுகுல கோந்து மாதிரி ஒட்டுது அண்ணி," என்றான் கொழுந்தன். "ஏதோ லேபிளை உரிச்சிருக்காங்க." கார்டை எடுத்து லேப்டாப்பில் போட்டான். "நாம இப்ப வந்ததை விட்டா ரெண்டே படம். ரெண்டும் இன்னைக்குக் காலையில எடுத்தது. பழசையெல்லாம் அழிச்சாச்சு."

"அப்படின்னா கேமரா வச்ச ஆள் தினமும் வந்து பாக்குறாங்க," என்றார் மேடம்.

இரண்டாவது படத்தில் அவளேதான் இருந்தாள். வேலைக்குக் கிளம்பும்போது பின்கதவைப் பூட்டிவிட்டு, பயந்த முகத்தோடு தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறாள். முதல் படத்தில் ஆளே இல்லை. பின்கதவு பாதி திறந்திருந்தது.

"பழைய கேமரா கொஞ்சம் லேட்டாத்தான் எடுக்கும்," என்றான் கொழுந்தன், குரலைத் தாழ்த்தி. "ஆள் உள்ள போனப்புறம் எடுத்திருக்கு."

"உள்ளயா?" படத்தில் இருந்த நேரத்தைப் பார்த்து அவள் கத்தியேவிட்டாள். "அப்ப நான் வீட்லதானே இருந்தேன்! குளிச்சுக்கிட்டு இருந்தேன்! நான் இருக்கும்போதே உள்ள வந்துட்டுப் போயிருக்கான்!"

சமையலறைக்குள் ஓடினாள். கட்டிலடி, பீரோ, திரைச்சீலைக்குப் பின்னால் என்று எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்தாள். யாரும் இல்லை. அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

*

முதல் கார்டில் அழிந்திருந்த அந்த ஒரு படத்தை மீட்கச் சற்று நேரம் பிடித்தது. சமையலறை மேசையில் லேப்டாப்பை வைத்து, கொழுந்தன் நகத்தைக் கடித்தபடி காத்திருந்தான். மேடம் ஜன்னலருகே நின்று முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

"வந்துடுச்சு," என்றான்.

இருட்டில் ஒரு ஆணின் முதுகு. தலையை மூடிய தொப்பி வைத்த ஜெர்கின். சட்டியை நோக்கி நடந்துகொண்டிருந்தான். முகம் தெரியவில்லை. ஆனால் இடது தோள் வலது தோளைவிட நன்றாக இறங்கியிருந்தது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தத் தோள் அவளுக்குத் தெரியும். பைக்கிலிருந்து விழுந்து எலும்பு கூடாமல் போன தோள். அது வாசலில் தெரிந்தாலே குட்டி கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள்.

"அவன்தான்," என்றாள். "என் புருஷன். கண்டுபிடிச்சுட்டான்."

பிறகு எல்லாம் தானாகவே கொட்டியது. அடி, பூட்டிய அறை, ஓடிவந்த இரவு. இங்கே எல்லோரிடமும் கணவன் இறந்துவிட்டதாகச் சொல்லி வைத்திருப்பது. குட்டியையும் அப்படியே சொல்லச் சொன்னது. போலீசுக்குப் போனால் முதலில் அவனுக்குத்தான் போன் போகும் என்ற பயம்.

"என் ரூமுக்கு வந்ததுமே ஓரளவு தெரிஞ்சுது," என்றார் மேடம். "வாசலுக்கு முதுகைக் காட்டாத நாற்காலியா பாத்து உட்கார்ந்தீங்க. படியில சத்தம் கேட்டதும் எழுந்துட்டீங்க."

"நான் கிளம்புறேன் மேடம். ஸ்கூல்லேர்ந்து அவளை அப்படியே கூட்டிட்டுப் போயிடுறேன்."

"அண்ணி, அந்த ஆளைச் சும்மா விடக்கூடாது! நானும் ரெண்டு பசங்களும் இங்கயே பதுங்கிக்கிட்டு..."

"நீ பேசாம இரு. அம்மா, பள்ளி வேன் வர்ற வரைக்கும் எனக்கு நேரம் கொடுங்க. அப்புறமும் பஸ் இருக்கு." மேடம் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். "அழிஞ்ச படத்துக்கு முந்தின படம், மரநாய். சட்டியைப் பாருங்க. காய்ஞ்சுபோய், அடியை நக்கிட்டு இருக்கு. நீங்க தண்ணி ஊத்தலையா?"

"அந்த வாரம் எனக்குக் காய்ச்சல். எழுந்திருக்கவே முடியல. குட்டியையும் இருட்டினா வெளிய விடமாட்டேன்."

"மழை பெஞ்சுதா?"

"துளிகூட இல்ல."

"அழிஞ்ச படத்துக்கு அடுத்தது, மான். இப்ப சட்டியைப் பாருங்க."

அவள் பார்த்தாள். மனம் எதிலும் நிற்கவில்லை. சட்டி விளிம்புவரை தளும்பிக்கொண்டிருந்தது. சுற்றிலும் மண் நனைந்து கறுத்திருந்தது. அதனால் என்ன? அவன் வந்துவிட்டான். அது ஒன்றுதான் தலைக்குள் ஓடியது.

மேடம் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய் யாரிடமோ இரண்டு நிமிடம் பேசினார். பிறகு வீட்டின் முன்பக்கம் போனார். அவள் கதவுகளைத் தாழிட்டாள், தாழைச் சரிபார்த்தாள், மறுபடி சரிபார்த்தாள். கொழுந்தன் எதற்கும் இருக்கட்டும் என்று சப்பாத்திக் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டான்.

*

வேன் வந்தது. குட்டி பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். மேசைமேல் பழைய கேமராவைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிப்போனது. அம்மாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

மேடம் அவள் உயரத்துக்குக் குனிந்தார். "பாப்பா, உனக்கு ஒரு ஆளைக் காட்டப் போறேன். அந்தப் படத்துல இருந்த ஆள். முதல்ல ஒண்ணைத் தெரிஞ்சுக்கோ. அவர் உங்க அப்பா இல்ல. இல்லவே இல்ல. அதை மனசுல சொல்லிக்கிட்டே பாரு. நான் உன் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருப்பேன்."

"எந்தப் படம்?" என்றாள் அவள். "இவளுக்கு எப்படி..."

மேடம் பின்கதவின் தாழை நீக்கினார்.

வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. சட்டிக்கு முன்னால் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தலையை மூடிய தொப்பி, ஜெர்கின், இறங்கிய இடது தோள். இது அவன் இல்லை என்று காதால் கேட்டிருந்தும், பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளின் உடம்பு நம்ப மறுத்தது. குட்டியை இழுத்துத் தன் பின்னால் தள்ளிக்கொண்டாள். குட்டியின் நகங்கள் அவள் இடுப்பில் பதிந்தன.

"இப்ப கீழ வைங்க சார்," என்றார் மேடம்.

உடம்புக்கு முன்னால் மறைந்திருந்த இடது கை தாழ்ந்தது. தண்ணீர் நிறைந்த ஒரு பெரிய வாளி தரையில் உட்கார்ந்தது. இறங்கியிருந்த தோள் மெதுவாக எழும்பி, மற்றதற்குச் சமமாக வந்து நின்றது. தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அந்த மனிதர் திரும்பினார்.

"போதுமாம்மா? இடுப்பு பிடிச்சுக்கிச்சு," என்றார் வீட்டுக்காரர்.

அவள் அப்படியே கதவடியில் உட்கார்ந்துவிட்டாள்.

எல்லோரும் சமையலறைக்கு வந்தார்கள். மேடம்தான் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

"காஞ்ச சட்டி, அப்புறம் ஒரு ஆள், அப்புறம் தளும்புற சட்டி," என்றார். "நடுவுல வந்தவர்தான் ஊத்தியிருக்கணும். அவ்வளவு பெரிய சட்டி நிறையணும்னா வாளி வேணும். நிறைஞ்ச வாளியைத் தூக்கினா யாருக்கும் ஒரு தோள் இறங்கும். அம்மா, உங்களை அடிக்க வந்தவன் மரநாய்க்குத் தண்ணி ஊத்திட்டுப் போகமாட்டான்."

"ஆனா இவர்தான்னு எப்படி அண்ணி?" கொழுந்தன் இன்னும் கட்டையைக் கீழே வைக்கவில்லை.

"கேட்ல நிக்கும்போது நொண்டி முள்ளம்பன்றின்னு சொன்னார். படத்துல அது நொண்டின்னு தெரியுமா? அசையாத படம். வளர்க்காத குறையா தினமும் படம் பாக்குற இந்த அம்மாவுக்கே தெரியாது. அது நடக்கிறதை இருட்டுல, கிட்ட நின்னு பாத்தவருக்குத்தான் தெரியும். பின்பக்கமே போறதில்லைன்னு சொன்னவர் போயிருக்கார்."

வீட்டுக்காரர் ஜெர்கினின் ஜிப்பை ஏற்றி இறக்கினார். "ரெண்டு நாளா சட்டி காஞ்சு கிடந்துச்சு. மொட்டை மாடியிலேர்ந்து பாத்தேன். அதுங்க வந்து வந்து ஏமாந்து போச்சு. வாயில்லா ஜீவன். வைக்காதன்னு கத்தினவனே வைக்கிறான்னு தெரிஞ்சா சிரிப்பீங்க. அதான்."

"அப்ப அந்தக் கேமரா?" என்றாள் அவள். "வீட்டுக்குள்ள வந்தது யாரு?"

மேடம் குட்டியைப் பார்த்தார். குட்டி சீருடையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"இடுப்பு உயரத்துல கட்டிட்டு, குச்சி வச்சு மேல நிமிர்த்தியிருக்கு. ஆள் முகம் வேணும்னா பெரியவங்க உயரமா கட்டுவாங்க. கை எட்டாதவங்கதான் இப்படிக் கட்டுவாங்க. வச்சவங்க தினமும் வந்து போறாங்க, ஆனா உங்க கேமராவுல அந்நிய ஆள் ஒருத்தர்கூட இல்ல. தினமும் விழுற ஒரே உருவம், நீங்க வேஸ்ட்டுன்னு தள்ளின அந்தக் கால்தான். முன்னாடி வீட்டுப் பக்கத்திலேர்ந்து வந்த கால், அப்புறம் வேலிப் பக்கத்திலேர்ந்து வருது. முதல்ல அங்க போயிட்டுத்தான் இங்க வருது. இன்னைக்குக் காலையில திறந்த கதவு வழியா உள்ள போனதும் அதே கால்தான். ஸ்கூலுக்கு போன் போட்டுக் கேட்டேன். மன்றத்துக் கேமரா ஒண்ணை ரெண்டாவது தடவை வாங்கிட்டுப் போயிருக்கா."

அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். "குட்டி?"

"அப்பா வந்துட்டார்னு நெனச்சேன்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. "அதான் அழிச்சேன்."

"அம்மாகிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ பெட்டி கட்டிடுவ."

குட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டு மீதியையும் சொன்னாள். "கதவுகிட்ட அப்பா வந்தா அதுல விழும்ல. தினமும் நீ குளிக்கப் போனதும் பாப்பேன். வரலைன்னு தெரிஞ்சா ஸ்கூலுக்குப் போயிடலாம். வந்திருந்தா மட்டும் உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

பயம் குழந்தைக்குத் தெரியக்கூடாது என்று அவள் இத்தனை நாள் சிரித்து நடித்தாள். பயம் அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று ஒன்பது வயதுக் குழந்தை தினமும் காலையில் தனியாகக் காட்டு வேலிக்குப் போய் வந்திருக்கிறது. ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து இருவரும் காவல் காத்திருக்கிறார்கள். குட்டியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மடிக்குப் பெரிய பிள்ளையாகிவிட்டாள். கால்கள் தரையில் இழுபட்டன.

கொழுந்தன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான். வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "பாப்பாவோட அப்பா தவறிட்டார்னுல்ல சொன்னீங்க?"

"அவர் இன்னைக்கு வரலை," என்றார் மேடம் அவளிடம், தணிந்த குரலில். "என்னைக்குமே வரமாட்டார்னு நான் சொல்ல முடியாது. ஆனா இப்படி ஒருத்தருக்கு ஒருத்தர் மறைச்சு வச்சிருந்தா, வாளி தூக்கினவர் எல்லாம் அவரா தெரிவார். இங்க உங்களைச் சுத்தி மனுஷங்க இருக்காங்க. அவங்களுக்கு யாரைப் பாத்து உஷாராகணும்னே தெரியல. நாளைக்கு ஸ்டேஷனுக்கு நான் கூட வரேன். உங்க விலாசம் அவருக்குப் போகாம பாத்துக்கிறது என் பொறுப்பு."

குட்டி அம்மாவின் தோளிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்ப நாளைக்கு ஸ்கூலுக்குப் போலாமா?"

அவள் கை பஸ் டிக்கெட் இருந்த பைக்குத்தான் முதலில் போனது. பையிலிருந்து போனை எடுத்தாள். இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவது தடவைதான் வேன் டிரைவருக்கு அழைப்பு போனது.

"அண்ணே, குட்டியோட அம்மா பேசுறேன். நாளைக்கு வழக்கம்போல வந்துடுங்க. இன்னொண்ணு... என்னையும் எங்க ஹவுஸ் ஓனர் சாரையும் தவிர யார் வந்து கேட்டாலும் அவளை அனுப்பக் கூடாது. அப்பான்னு சொல்லிக்கிட்டு வந்தாலும்." மறுமுனையில் அவர் ஏதோ கேட்டார். அவள் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தாள். அவரும் கேட்கட்டும் என்பதுபோல் குரலை உயர்த்தினாள்.

"இல்லண்ணே, அவர் சாகல. உயிரோடதான் இருக்கார். ஆள் எப்படி இருப்பார்னு சொல்றேன், கேட்டுக்கோங்க."